திண்ணை வைத்த மேக்ஃபைல்

ஒரு காலி ஃபோல்டரில் ஹெலோ.சி என்ற ஒரே ஒரு கோப்பை வைத்துவிட்டு, மேக்ஃபைல் எதுவும் எழுதாமல் 'மேக் ஹெலோ' என்று தட்டினாலும் க்னூ மேக் வேலையை முடித்துக் கொடுத்துவிடும். முடிப்பதற்கு முன் தான் இடப்போகும் கட்டளையைத் திரையில் காட்டும். முதலில் 'சிசி' என்ற கம்பைலரின் பெயர், அடுத்து கோப்பின் பெயர், கடைசியில் உருவாகப்போகும் நிரலின் பெயர். சொற்களைப் படிக்கிறவர்கள் நடுவிலுள்ள இடைவெளிகளைப் பார்ப்பதில்லை. 'சிசி'க்கும் கோப்பின் பெயருக்கும் இடையே ஓரிடம் விட்டால் போதும். அங்கே ஐந்திடம் விட்டிருக்கும். கோப்பின் பெயருக்குப் பின்னால் மூன்றிடம். இது கவனக்குறைவு அல்ல. மேக்கின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும் விதியில், முதல் இடைவெளியில் சிஃப்ளாக்ஸ், சிபிபிஃப்ளாக்ஸ், எல்டிஃப்ளாக்ஸ், டார்கெட்ஆர்ச் என நான்கு மாறிகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டாவதில் லோட்லிப்ஸ், எல்டிலிப்ஸ் என இரண்டு. யாரும் மதிப்புத் தராததால் ஆறும் வெறுமையாக விரிகின்றன. அவற்றுக்கு நடுவே இருந்த இடங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. இலை போட்டாயிற்று, ஆள் இன்னும் வந்து உட்காரவில்லை.

பில்ட் ஸ்கிரிப்டுகளில் வரும் இந்த ஃப்ளாக் மாறிகளைப் பெரும்பாலோர் மனப்பாடம் செய்ய வேண்டிய சுருக்கெழுத்துகளாகவே அணுகுகிறார்கள். எது எதில் போகும் என்று ஓர் அட்டவணையைக் கண்ணெதிரே ஒட்டிவைத்து, தேவை வரும்போது பார்த்துக்கொள்கிறார்கள். அந்த அட்டவணை தவறில்லை, ஆனால் கைவேலையின் அழகு அதில் தெரியாது. நிரலை எழுதியவர் ஒருவர். அதை வேறொரு கணினியில், வேறொரு காலத்தில், வேறொரு தேவைக்காகக் கட்டப்போகிறவர் இன்னொருவர். முன்னவர் பின்னவரைப் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. ஆனாலும் பின்னவருக்கென்று கட்டளை வரியின் நடுவே ஓர் இடத்தை வெறுமையாக வைத்திருக்கிறார். பழைய ஊர் வீடுகளின் திண்ணை இப்படித்தான். வீட்டுக்காரர் செலவில் கட்டியது, வீட்டின் கூரைக்குள் இருப்பது. வழிப்போக்கர் கதவைத் தட்டாமல் வந்து உட்காரலாம். எது திண்ணை, எது வீட்டின் உள்ளறை என்று பிரித்துவைத்த நேர்த்தியில்தான் இந்த மாறிகளின் சிறப்பு முழுவதும் இருக்கிறது என்பது என் துணிபு.

முதலில், ஒரே கம்பைலருக்கு ஏன் இத்தனை பெயர்கள்? விடை சி மொழி வளர்ந்த விதத்தில் இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி அந்த மொழியை உருவாக்கியபோது பிரீபிராசசர் அதனோடு பிறக்கவில்லை. 1972-73 வாக்கில், ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தியதும் ஒரு காரணமாக, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தொடக்கத்தில் அதற்கு இரண்டே வேலைகள்: வேறொரு கோப்பைக் கொண்டுவந்து நடுவில் சேர்ப்பது, ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது. மைக் லெஸ்க்கும் ஜான் ரைசரும் பிறகு அதை வளர்த்தெடுத்தார்கள். உள்ளீடு வாங்கும் மேக்ரோக்களும், நிபந்தனை பார்த்து வரிகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் அந்த வளர்ச்சியில் வந்தவை. மூலநிரலின் தலைப்பில் ஒரு தனி அடையாளம் இருந்தாலொழிய அதை எழுப்பவே மாட்டார்கள் என்ற நிலைகூடச் சில ஆண்டுகள் இருந்தது. ஆக, உரையைத் திருத்தித் தருவது ஒரு கருவி, அதை எந்திர மொழியாக்குவது அடுத்த கருவி, துண்டுகளைச் சேர்த்து முழு நிரலாக்கும் லிங்கர் மூன்றாவது. 1976இல் அதே ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதினார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் என்ற வழக்கம் அதைச் சுற்றி மெல்ல வளர்ந்தது: பிரீபிராசசருக்கு சிபிபிஃப்ளாக்ஸ், சி கம்பைலருக்கு சிஃப்ளாக்ஸ், லிங்கருக்கு எல்டிஃப்ளாக்ஸ். 'சிபிபி' என்றதும் சி பிளஸ் பிளஸ் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்தப் பெயர் ஏற்கெனவே பிரீபிராசசருக்குப் போய்விட்டிருந்தது. பின்னால் வந்த சி பிளஸ் பிளஸ், கூட்டல் குறியைச் சற்றே சாய்த்து எக்ஸ் ஆக்கிக்கொண்டு, சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸ் என்ற பெயரில் குடியேறியது. இது தெரியாதவர் சி பிளஸ் பிளஸ் 17ஆம் பதிப்பைக் கேட்கும் ஃப்ளாகை சிபிபிஃப்ளாக்ஸில் போட்டுவிடுவார். அதே திட்டத்தில் ஒரு சாதாரண சி கோப்பு இருந்தால், இந்த ஃப்ளாக் எனக்குரியது இல்லையே என்று சி கம்பைலர் முணுமுணுக்கும்.

பெயர்கள் வந்த கதை தற்செயலாக இருக்கலாம். அவை பிரித்துவைத்த பொருள்கள் தற்செயல் அல்ல. பழந்தமிழ்ச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பாடபேதம் என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரே நூல், ஏட்டுக்கு ஏடு சொல் மாறும். எந்தப் பாடத்தைக் கொள்வது என்று முடிவு செய்த பிறகுதான் உரை எழுத முடியும். பிரீபிராசசர் ஃப்ளாக் செய்வது பாடத் தேர்வு. என்டீபக் என்ற பெயரை '-டி' கொண்டு அறிவித்துவிட்டால், நிரலிலுள்ள அசர்ட் சோதனைகள் எல்லாம் கம்பைலரின் கண்ணில் படாமலே மறைந்துவிடுகின்றன. '-ஐ' கொண்டு ஒரு ஃபோல்டரைச் சுட்டினால், எந்த ஹெடர் கோப்பு உள்ளே வந்து சேரும் என்பதே மாறுகிறது. கம்பைலர் ஃப்ளாகின் வேலை வேறு. '-ஓ2' என்றால் கொடுத்த பாடத்தை விரைவாக ஓடும்படி பெயர்த்துத் தா. '-ஜி' என்றால் பிழை தேடுகிறவருக்குக் குறிப்புகளையும் சேர்த்து வை. பாடம் அதேதான், நிகழ்த்தும் விதம் மாறுகிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ் என்ற மேக்ரோவைவிட நல்ல சான்று கிடையாது. 32 பிட் லினக்ஸில் கோப்பினுள் ஓர் இடத்தைச் சுட்டும் எண்ணுக்கு வழக்கமாக 4 பைட்டுகள். அதனால் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைக் கையாள வழியில்லை. அந்த மேக்ரோவை 64 என்று அறிவித்தால் அதே எண் 8 பைட்டாக விரியும். இப்போது ஒரே நிரலின் ஒரு கோப்பை இந்த அறிவிப்போடும் இன்னொன்றை அது இல்லாமலும் கட்டினால் என்ன ஆகும்? இருவரும் பகிரும் ஒரு ஸ்ட்ரக்டில் அந்த எண் இருந்தால், அதற்குப் பின்னால் வரும் ஒவ்வோர் உறுப்பும் ஒருவர் கணக்கில் ஓரிடத்திலும் மற்றவர் கணக்கில் வேறிடத்திலும் இருக்கும். சி மொழியில் ஃபங்ஷன்களின் பெயரோடு அவற்றின் வகை விவரம் லிங்கருக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே லிங்கர் எதையும் கவனிக்காது, நிரல் உருவாகிவிடும், ஓடும்போது தவறான இடத்தைப் படிக்கும். சில கோப்புகளை '-ஓ2'விலும் சிலவற்றை '-ஓ0'விலும் கட்டினால் இப்படி எதுவும் நேராது. பாடம் எல்லாக் கோப்புக்கும் ஒன்றாக இருந்தாக வேண்டும். நிகழ்த்தும் விதம் கோப்புக்குக் கோப்பு வேறுபடலாம். க்னூ மேக்கின் உள்விதிகளில் அதே சிபிபிஃப்ளாக்ஸ் சி, சி பிளஸ் பிளஸ், பிரீபிராசசரைப் பயன்படுத்தும் ஃபோர்ட்ரான், அசெம்பிளி என எல்லாவற்றுக்கும் போவதும், கம்பைலர் ஃப்ளாக் மட்டும் மொழிக்கு ஒன்றாகப் பிரிவதும் இதை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

லிங்கருக்கு வரும்போது இன்னொரு நுணுக்கம். ஒரே கருவிக்கு இரண்டு மாறிகள், ஒன்று கோப்புகளுக்கு முன்னால், இன்னொன்று பின்னால். மேக்கின் இடைவெளிகள் ஐந்து, மூன்று என்று இரண்டு இடத்தில் விழுந்ததும் இதனால்தான். லிங்கர் கட்டளை வரியை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. இதுவரை பார்த்த கோப்புகள் கேட்டு, இன்னும் கிடைக்காத பெயர்களை ஒரு பட்டியலாகக் கையில் வைத்துக்கொண்டே நடக்கிறது. வழியில் ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரி வந்தால் அதை முழுதாக அள்ளுவதில்லை. பட்டியலிலுள்ள பெயர்களுக்கு விடை தரும் உறுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்கிறது. சந்தைக்குள் நுழையும்போது கையில் சீட்டு இல்லை, திரும்பிய பிறகுதான் வீட்டில் சீட்டு எழுதினார்கள் என்றால் பை காலியாகத்தான் இருக்கும். ஸ்டாட்டிக் கணித லைப்ரரியைக் கேட்கும் '-எல்எம்' கோப்புகளுக்கு முன்னால் நின்றால் நடப்பது அதுவே: அந்தக் கணத்தில் பட்டியல் வெறுமை, எதுவும் எடுக்கப்படவில்லை, பின்னால் வந்த கோப்பு சைன் ஃபங்ஷனைக் கேட்டபோது லைப்ரரி கடந்துபோயிருந்தது. எனவே லைப்ரரிகளின் பெயர்கள் எல்டிலிப்ஸில், எல்லாவற்றுக்கும் பின்னால். ஆட்டோகான்ஃப் இதற்கே லிப்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது. லிங்கரின் போக்கைத் தீர்மானிக்கும் ஃப்ளாகுகளோ முன்னால், எல்டிஃப்ளாக்ஸில். தேவைப்படும் லைப்ரரியை மட்டும் பதிவு செய் என்று சொல்லும் 'ஆஸ்-நீடட்' ஃப்ளாக் தனக்குப் பின்னால் வரும் லைப்ரரிகளை மட்டுமே கட்டுப்படுத்தும். அதைப் பின்னால் தள்ளினால் அது இருந்தும் இல்லாததுபோல. ஒரு மாறியின் பெயருக்குள் கட்டளை வரியில் அது நிற்க வேண்டிய இடமும் அடங்கியிருக்கிறது.

என்னை அதிகம் வியக்கவைப்பது, மேக்ஃபைலை உருவாக்கித் தரும் ஆட்டோமேக் என்ற கருவி இந்த மாறிகளை நிறுத்தும் வரிசை. அங்கே ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிழல் உண்டு. நிரலாசிரியர் தமக்கு வேண்டியதை ஏஎம்_சிபிபிஃப்ளாக்ஸ், ஏஎம்_சிஃப்ளாக்ஸ் என்ற பெயர்களில் எழுதுகிறார். முன்னொட்டு இல்லாத சிபிபிஃப்ளாக்ஸும் சிஃப்ளாக்ஸும் கட்டுகிறவருக்கு உரியவை. கட்டளை வரியில் எப்போதும் ஆசிரியருடையது முன்னால், கட்டுகிறவருடையது பின்னால். இந்த ஒரே வரிசைக்குள் இரண்டு எதிரெதிர் நியாயங்கள் ஒளிந்திருக்கின்றன. '-ஓ2'வும் '-ஓ0'வும் ஒரே வரியில் வந்தால் ஜிசிசி கம்பைலர் கடைசியாக வந்ததையே ஏற்கும். ஆகவே நிகழ்த்தும் விதத்தில் கட்டுகிறவர் சொல்லே வெல்லும். ஆனால் '-ஐ' கொடுத்த ஃபோல்டர்களை அது முன்னிருந்து தேடிக்கொண்டு போகும். முதலில் கிடைத்த ஹெடரே உள்ளே வரும். ஆகவே எந்த ஹெடர் என்ற பாடத் தேர்வில் ஆசிரியர் சொல்லே வெல்லும். ஒரு லைப்ரரியின் புதிய பதிப்பைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அதே லைப்ரரியின் பழைய பதிப்பு கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருப்பது அன்றாட நிலைமை. கட்டுகிறவர் வேறேதோ தேவைக்காக அந்தப் பழைய ஹெடர்கள் கிடக்கும் ஃபோல்டரை சிபிபிஃப்ளாக்ஸில் சேர்த்திருக்கிறார். அவருடைய '-ஐ' முன்னால் நின்றிருந்தால் புதிய மூலநிரல் பழைய ஹெடரை வைத்துக் கட்டப்பட்டிருக்கும். பின்னால் நிற்பதால் திட்டத்தின் சொந்த ஹெடர்தான் முதலில் அகப்படுகிறது. லைப்ரரிகளைத் தேடும் ஃபோல்டர்களுக்கும் எல்டிஃப்ளாக்ஸில் இதே கதை. எந்த நூலைக் கட்டுகிறோம் என்பது ஆசிரியரின் உரிமை, எப்படிக் கட்டுவது என்பது கட்டுகிறவரின் உரிமை. இரண்டையும் ஒரே வரிசை காப்பாற்றுகிறது, அதற்கென்று ஒரு வரி விதிகூட எழுதத் தேவையில்லாமல். இசையில் ஒரு சங்கதி இரண்டு பக்கமும் பொருந்தி விழும்போது வரும் நிறைவு இங்கே கிடைக்கிறது.

க்னூ நிரலாக்க நெறிகள் இந்த உரிமையை எழுத்தில் வைத்தன. சிஃப்ளாக்ஸ் பயனருடையது, நிரல் சரியாகக் கட்டப்படுவதற்கு இன்றியமையாத எந்த ஃப்ளாகையும் அதில் வைக்கக் கூடாது, கட்டளையில் அது மற்றவற்றுக்குப் பின்னால் வர வேண்டும், அப்போதுதான் பயனர் மற்றவற்றை மாற்ற முடியும். ஒழுக்க அறிவுரைபோலத் தோன்றும் இது உண்மையில் மேக்கின் இயல்பைப் புரிந்துகொண்டவர்களின் எச்சரிக்கை. 'மேக் சிஃப்ளாக்ஸ்=-ஓ0' என்று கட்டளை வரியில் ஒருவர் சொன்ன மாத்திரத்தில், மேக்ஃபைலுக்குள் அந்த மாறிக்கு எழுதிய சாதாரண மதிப்புகள் அத்தனையும் செல்லாமல் போகின்றன; கூட்டிச் சேர்க்கும் '+=' வரிகளும் சேர்த்துத்தான். ஆசிரியர் தமக்கு வேண்டிய ஹெடர் பாதையை சிஃப்ளாக்ஸிலேயே திணித்து வைத்திருந்தால், பிழை தேடுவதற்காக வேகத்தைக் குறைக்க நினைத்த ஒருவருக்கு ஹெடரே காணவில்லை என்ற செய்திதான் கிடைக்கும். வீட்டுச் சாமான்களைத் திண்ணையில் அடுக்கி வைத்துவிட்டு, உட்கார வந்தவர் நகர்த்திவிட்டார் என்று குறைப்பட்டு என்ன பயன்? ஆசிரியர் எப்படியும் வெல்ல வேண்டும் என்றால் 'ஓவர்ரைட்' என்ற சொல்லை மேக் தந்திருக்கிறது. ஆனால் கைதேர்ந்த மேக்ஃபைல்களில் அது அரிதாகத்தான் தென்படுகிறது. தேவையானதைத் தனிப் பெயரில் வைத்துக்கொண்டால் அந்தச் சொல்லுக்கு வேலையே வராது.

இவ்வளவு புகழ்ச்சிக்கும் மறுப்புகள் உண்டு. அவற்றில் முதலாவது வலுவானது. கட்டங்களாகப் பிரித்த இந்தப் பிரிவு இன்று ஒழுகுகிறது என்பார்கள். ஜிசிசியில் பிரீபிராசசர் தனி நிரலாக ஓடுவது எப்போதோ நின்றுவிட்டது. கம்பைலரோடு அது கலந்துவிட்டது. நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரின் ஃப்ளாக் கம்பைல் செய்யும்போதும் வேண்டும், லிங்க் செய்யும்போதும் வேண்டும். முழு நிரலையும் லிங்க் நேரத்தில் செப்பனிடும் எல்டிஓவுக்கும், ஓபன்எம்பிக்கும் அப்படியே. சிஃப்ளாக்ஸா எல்டிஃப்ளாக்ஸா என்ற கேள்விக்கு இங்கே இரண்டும் என்பதே விடை. இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு ஃபோர்ட்டிஃபை சோர்ஸ். அது ஒரு மேக்ரோ, ஆகவே சிபிபிஃப்ளாக்ஸில் வருகிறது. எழுத்துச்சரங்களை நகலெடுக்கும் ஆபத்தான ஃபங்ஷன்களை, அளவு பார்த்துச் செயல்படும் வடிவங்களாக மாற்றித் தருகிறது. ஆனால் நகல் போய் விழும் இடத்தின் அளவைக் கணிக்கக் கம்பைலரின் செப்பனிடும் திறன் வேண்டும். '-ஓ0'வில் அது செயல்படாது, ஜிலிப்சி என்ற சி லைப்ரரி எச்சரிக்கையும் விடும். ஒரு மாறியில் உள்ளதன் பலன் இன்னொரு மாறியில் உள்ளதைச் சார்ந்திருக்கிறது.

ஒழுகல் உண்மை. ஆனால் அதை எப்படி அடைத்தார்கள் என்று பார்த்தால் பிரிவின் மீதான மதிப்பு கூடத்தான் செய்கிறது. க்னூ நெறி, கம்பைலரை அழைக்கும் ஒவ்வொரு தடவையும், லிங்க் செய்யும்போதும்கூட, சிஃப்ளாக்ஸைக் கொடு என்கிறது; சானிடைசரையும் எல்டிஓவையும் அங்கே வைத்தால் இரண்டு கட்டத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். டெபியன் லினக்ஸில், செப்பனிடல் வேண்டாம் என்று கேட்டுக் கட்டினால், கட்டும் கருவியே ஃபோர்ட்டிஃபை மேக்ரோவையும் எடுத்துவிடுகிறது. பிரீபிராசசர் தனி நிரலாக இல்லை என்பதும் பாடத் தேர்வு என்ற செயலை இல்லாமல் செய்துவிடாது; ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ் சிக்கல் பிரீபிராசசர் எங்கே ஓடினாலும் அதே சிக்கல்தான். வேலையைச் செய்யும் கருவிகள் கலந்துபோனாலும் வேலைகள் கலந்துவிடவில்லை.

இரண்டாவது மறுப்பு நிரலாசிரியர்களிடமிருந்து வருகிறது. கட்டுகிறவருக்கு எதற்கு இவ்வளவு உரிமை? அவர் '-எஃப்ஃபாஸ்ட்-மேத்' என்று ஒன்றைச் சேர்ப்பார். எண் அல்லாத மதிப்பு எதுவும் வராது என்று கம்பைலர் நம்பிக்கொண்டு, அப்படி ஒன்று வந்ததா என்று பார்க்கும் சோதனையையே நீக்கிவிடலாம். விடை தப்பாக வரும், பிழைப் புகார் ஆசிரியருக்குப் போகும். இந்தக் குறை நியாயமானது. தாம் எழுதாத தவறுக்குப் பதில் சொல்ல நேர்வது களைப்பூட்டும் வேலை. ஆனால் உரிமையைப் பறிப்பதைவிட நல்ல வழி இருக்கிறது என்பதற்கு லினக்ஸ் கெர்னலே சாட்சி. கெர்னல் சாதாரண நிரல் அல்ல. செப்பனிடல் இல்லாமல் அதைக் கட்டவே முடியாது. வேறு நிரல்களுக்காக ஒருவர் தம் கணினியில் வைத்திருக்கும் ஃப்ளாகுகள் அதைச் சிதைத்துவிடும். எனவே தனக்கு வேண்டியதைக் கேபில்ட்_சிஃப்ளாக்ஸ் என்ற தனிப் பெயரில் வைத்துக்கொள்கிறது. அத்துடன் கதவை அடைத்துவிடவில்லை. கேசிஃப்ளாக்ஸ், கேசிபிபிஃப்ளாக்ஸ் என்று கட்டுகிறவருக்குத் தனிப் பெயர்களைத் தந்திருக்கிறது. தெரியாமல் வந்து விழுவதைத் தடுத்து, தெரிந்தே கேட்பவருக்கு இடம் விடும் ஏற்பாடு இது. திண்ணை சற்று உயரமாகக் கட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

மூன்றாவதாக, இவை எல்லாம் பழைய காலத்துச் சரக்கு, சிமேக்கும் மெசானும் வந்த பிறகு இந்த எழுத்துச்சரங்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஃப்ளாக் மாறி வெறும் எழுத்துச்சரம். பாதையில் ஓர் இடைவெளி இருந்தாலே அது இரண்டாக உடையும். எந்த ஃப்ளாக் எங்கிருந்து வந்தது என்ற நினைவு அதற்கு இல்லை. இந்த லைப்ரரியைப் பயன்படுத்துகிறவருக்கு இந்த ஹெடர் பாதை வேண்டும் என்று பொருள் தெரிந்து சொல்லும் ஆற்றல் புதிய கருவிகளிடம் இருக்கிறது. ஆனால் அவை மேம்படுத்தியது வீட்டின் உள்ளறையை. வெளியிலிருந்து வருகிறவருக்கான இடத்தில் அவையும் அதே பழைய பெயர்களைத்தான் வைத்திருக்கின்றன: சிமேக் முதல்முறை ஓடும்போது சூழலிலிருந்து சிஃப்ளாக்ஸையும் எல்டிஃப்ளாக்ஸையும் எடுத்துக்கொள்கிறது; மெசானும் எடுத்துக்கொள்கிறது. கோ மொழி சி நிரலோடு உறவாடும் இடத்தில் சிகோ_சிஃப்ளாக்ஸ், சிகோ_சிபிபிஃப்ளாக்ஸ், சிகோ_எல்டிஃப்ளாக்ஸ் என்று அதே மூன்றையும் வைத்தது. சி மொழியோடு ஒட்டாத ரஸ்ட்டும் தனக்கென்று ரஸ்ட்ஃப்ளாக்ஸ் வைத்துக்கொண்டது. சிமேக்கில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று, அது சிபிபிஃப்ளாக்ஸைக் கண்டுகொள்வதே இல்லை என்பது. அதனால் டெபியனின் கருவிகள் சிபிபிஃப்ளாக்ஸில் உள்ளதை எடுத்து சிஃப்ளாக்ஸிலும் சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸிலும் சேர்த்து அதற்கு ஊட்டிவிட வேண்டியிருக்கிறது. ஒரு பெயரைக் கைவிட்டதன் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன்களைக் கட்டுகிறவர்களின் பட்டறையில் இந்தக் கலையின் முழு அளவும் தெரியும். தாங்கள் எழுதாத ஆயிரக்கணக்கான நிரல்களை ஒரே தரத்தில் கட்டித் தருவது அவர்கள் வேலை. டெபியனில் டிபிகேஜி-பில்ட்ஃப்ளாக்ஸ் என்ற சிறு கருவி, எந்த மாறிக்கு என்ன மதிப்பு என்று சொல்லும். பாதுகாப்புக்கான ஃப்ளாகுகள் மூன்றாகப் பிரிந்து அதிலிருந்து வரும்: ஃபோர்ட்டிஃபை மேக்ரோ சிபிபிஃப்ளாக்ஸில், ஸ்டாக்கைக் காக்கும் ஃப்ளாக் சிஃப்ளாக்ஸில், நிரல் ஏறியதும் சில அட்டவணைகளை எழுத முடியாதபடி பூட்டும் ரெல்ரோ எல்டிஃப்ளாக்ஸில். டிஸ்ட்ரிபியூஷன் ஒன்று சொல்லும், கணினியை நிர்வகிக்கிறவர் ஒன்று சேர்க்கலாம், தனிப் பயனர் ஒன்று சேர்க்கலாம், அந்த நிரலைப் பேணும் டெபியன் ஆள் ஒன்று சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடம். முன்பு இரண்டு பேருக்கு நடுவே இருந்த எல்லைக்கோடு இங்கே நான்கு பேருக்கு நடுவே நேர்த்தியாகப் போடப்பட்டிருக்கிறது. கட்டும்போது வெளியான பதிவுகளைப் படித்து, எந்தக் கட்டளையில் இந்த ஃப்ளாகுகள் வந்து சேரவில்லை என்று கண்டுபிடிக்க பிஎல்எச்சி என்று தனியாக ஒரு கருவியே இருக்கிறது. ஜென்டூ என்ற டிஸ்ட்ரிபியூஷன் முன்பு செய்த சோதனை இன்னும் சாமர்த்தியமானது. பெயர் அட்டவணையைப் புதிய வடிவில் மட்டும் எழுது என்று எல்டிஃப்ளாக்ஸில் ஒரு ஃப்ளாகை வைத்துவிட்டு, கட்டி முடித்த நிரலில் பழைய வடிவம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தால், அந்த நிரலின் மேக்ஃபைல் எல்டிஃப்ளாக்ஸைக் காதில் வாங்கவில்லை என்று பொருள். சுவரில் தட்டி ஓசை கேட்டே உள்ளே இருப்பதைச் சொல்லும் கொத்தனாரின் கைப்பக்குவம் அது.

இந்த ஏற்பாடு பட்ட பெரிய சோதனை காலக் கணக்கில் வந்தது. நேரத்தை 32 பிட் எண்ணாக வைத்திருக்கும் கணினிகளுக்கு 2038 ஜனவரி 19, உலகப் பொது நேரம் 03:14:07 என்பதே கடைசி நொடி; அடுத்த நொடியில் எண் குறைமதிப்பாகப் புரண்டு 1901க்குப் போய்விடும். 2021இல் வந்த ஜிலிப்சி 2.34, டைம் பிட்ஸ் என்ற மேக்ரோவை 64 என்று அறிவித்தால் 32 பிட் கணினிகளிலும் நேரத்தை 8 பைட்டில் வைக்க வழி செய்தது. கூடவே ஃபைல் ஆஃப்செட் பிட்ஸும் 64 ஆக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இது பாடத் தேர்வு, ஆகவே அரைகுறையாகச் செய்ய முடியாது. நேரத்தைக் கைமாற்றும் ஒரு லைப்ரரி மாறினால் அதைப் பயன்படுத்தும் நிரல்கள் எல்லாம் கூடவே மாற வேண்டும். டெபியன் 2024இல் ஏஆர்எம் 32 பிட் கணினிகளுக்கான தன் தொகுப்பை இப்படி மாற்றத் தொடங்கியது. லைப்ரரிப் பொதிகளுக்குப் பெயர் மாற்றி, சார்ந்தவற்றை வரிசையாகத் திரும்பக் கட்டிச் செய்த கடும் உழைப்பு அது; மேக்ரோ ஒன்றால் எல்லாம் நடந்தது என்று சொன்னால் அந்த உழைப்பைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆனால் அந்த மேக்ரோ ஒவ்வொரு நிரலுக்குள்ளும் போய்ச் சேர்ந்த வழி டிபிகேஜி-பில்ட்ஃப்ளாக்ஸ் தரும் சிபிபிஃப்ளாக்ஸ்தான். அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் பிழையாகக் கொள் என்ற ஃப்ளாகும் துணைக்கு சிஃப்ளாக்ஸில் போனது. ஹெடரைச் சேர்க்காமல் பழைய பெயரையே அழைக்கும் நிரல் சத்தமில்லாமல் 32 பிட் வடிவத்தோடு ஒட்டிக்கொண்டுவிடக் கூடாதே.

மேக்ஃபைலில் சிபிபிஃப்ளாக்ஸுக்கு இடம் விடாமல் கம்பைலர் கட்டளையை நேரடியாக எழுதியிருந்தவர்களின் நிரல்களுக்கு இந்த மேக்ரோ தானாகப் போய்ச் சேராது. யாராவது அந்தக் கோப்பைத் திறந்து, விடுபட்ட பெயரைக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். இடம் விட்டிருந்தவர்களின் மேக்ஃபைலில் ஓர் எழுத்தையும் தொட வேண்டியதில்லை. 2038ஐப் பற்றிய நினைவே இல்லாமல் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய அந்த வரி இன்று ஓடும்போது, பதிவுகளில் வெறும் இடைவெளியாக இருந்த இடத்தில் டைம் பிட்ஸ் 64 என்று அச்சாகிறது.